கையிலே சீட்டு, கழுத்திலே கயிறு!

சூது கெடுக்கும் என்று சொல்லாத அறநூல் இல்லை. அதைக் கேட்டுச் சூதை அடியோடு கைவிட்ட நாடும் இல்லை. எச்சரிப்போர் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆடுவோர் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆடுகிறவன் அறிவிலி என்று கூறிவிட்டு அப்பால் செல்வது எளிது. அவனை அந்த மேசைக்கு இழுத்து வந்தது எது? அங்கே அமர வைத்தவர் எவர்? அவன் தோற்றால் கொழுப்பவர் எவர்? இவற்றைக் கேட்பதன்றோ அறிவுக்கு அழகு!

அந்தக் கேள்விகளைக் கேட்கும் கதை ஒன்று ஜப்பான் நாட்டிலே பிறந்து, இயங்கு ஓவியத் தொடராக வடிவெடுத்து, பல நாட்டு இளைஞரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைத்திருக்கிறது. 'கைஜி' என்பது அதன் பெயர். நொபுயுகி ஃபுகுமோட்டோ என்னும் படக்கதை ஆசிரியர் 1996-இல் ஒரு கிழமை இதழிலே தொடங்கிய கதை அது. 1998-இல் கோடன்ஷா நிறுவனத்தின் படக்கதைப் பரிசைப் பெற்றது. 2007 அக்டோபரில், யூசோ சாட்டோவின் இயக்கத்தில், மேட்ஹவுஸ் நிறுவனம் அதனை அனிமே ஆக்கி 26 பகுதிகளாக வெளியிட்டது. 2011-இல் மேலும் 26 பகுதிகள் வந்தன. தென்கொரியாவிலிருந்து 2021-இல் வெளிவந்து உலகையே கலக்கிய 'ஸ்குவிட் கேம்' தொடரின் படைப்பாளர் ஹ்வாங் டாங் ஹ்யூக், தமக்குத் தூண்டுதல் தந்த படக்கதைகளுள் இதனையும் குறிப்பிட்டிருக்கிறார்.

இதன் கவர்ச்சி எதிலே இருக்கிறது? "அடுத்தது என்ன ஆகுமோ என்ற பதைப்பு" என்பார் பலர். பதைப்பு மட்டுமே என்றால் ஒரு குதிரைப் பந்தயம் போதும். பார்த்து முடித்ததும் மறந்துவிடலாம். கைஜியைப் பார்த்து முடித்தவன் எளிதில் மறப்பதில்லை. ஆகவே காரணத்தைச் சற்று ஆழத்திலே தேடவேண்டும்.

கதைத் தலைவன் இட்டோ கைஜி வீரனும் அல்லன், அறவோனும் அல்லன். பள்ளிப் படிப்பை முடித்து டோக்கியோ நகருக்கு வந்த இளைஞன். நிலையான வேலையில்லை. குடிக்கிறான், சில்லறைச் சூது ஆடுகிறான், விலையுயர்ந்த கார்களைக் கண்டால் பொருமுகிறான், அவற்றின் முகப்பிலே உள்ள சின்னத்தைப் பிடுங்கி எடுத்து மகிழ்கிறான். தனக்குக் கிடைக்காததைக் கீறிப் பார்க்கும் கையாலாகாத கோபம் அது. இப்படிப்பட்டவனைத் தலைவனாக்கத் துணிந்ததிலேயே ஆசிரியரின் நேர்மை தெரிகிறது. பழுதற்ற நல்லவனை வறுமையிலே தள்ளி நம் கண்ணீரை வாங்குவது பழைய வழி; பழுதுள்ள ஒருவனைக் காட்டி, "இவனுக்கும் இந்தக் கதி அடுக்குமா?" என்று கேட்பது கடினமான வழி.

ஒரு நாள் எண்டோ என்னும் கடன்காரன் அவன் கதவைத் தட்டுகிறான். முன்பு உடன் வேலை செய்த ஃபுருஹாட்டா என்பவன் வாங்கிய கடனுக்குக் கைஜி பிணைக் கையெழுத்து இட்டிருந்தான். அவன் ஓடிவிட்டான், பிணை நின்றவன் அகப்பட்டான். கடன் 3,00,000 யென். இப்போது கேட்கப்படும் தொகை 38,50,000 யென்!

மிகைப்படுத்திய கதை என்று எண்ணவேண்டாம். வகுப்பிலே கூட்டு வட்டிக் கணக்கைக் கரும்பலகையிலே எழுதிக் காட்டும் ஆசிரியன் நான். மாதம் நூற்றுக்கு இருபது வீதம், வட்டிக்கு வட்டி ஏறப் பதினான்கு மாதம் ஓடவிட்டால், 3 இலட்சம் ஏறத்தாழ 38 இலட்சத்து 52 ஆயிரமாக வளர்ந்து நிற்கும். எழுதிப் பார்க்கலாம், எவரும் சரிபார்க்கலாம். ஜப்பானின் 1954-ஆம் ஆண்டு வட்டி வரம்புச் சட்டமோ, இத்தகைய தொகைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18-க்கு மேல் கூடாது என்கிறது. அதன்படி பதினான்கு மாதத்துக்கு வட்டி 63,000 யென். சட்டம் சொல்வது 3,63,000. கடன்காரன் கேட்பது 38,50,000. இந்த இடைவெளியிலேதான் கைஜியின் வாழ்வு விழுகிறது. அவனையொத்த பலருடைய வாழ்வும் விழுந்தது.

அந்நாட்டின் நிலை அப்போது என்ன? 1980-களின் இறுதியிலே நிலமும் பங்குகளும் வானளாவ விலையேறி, 1990-களின் தொடக்கத்திலே சரிந்தன. நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுப்பதைக் குறைத்தன. படித்து முடித்த இளைஞர் கூட்டம் வாயிலிலே நின்றது. அக்காலத்தை 'வேலைவாய்ப்பின் உறைபனிக் காலம்' என்றே அந்நாட்டார் அழைத்தனர். இன்னொரு புறம், பிணை கேட்காமலே கடன் தருகிறோம் என்று பல்லிளித்த நிறுவனங்கள் தெருத்தெருவாகக் கடை விரித்தன. வட்டி வரம்பைச் சொல்லும் சட்டம் ஒன்று. தண்டனைக்குரிய வட்டி எதுவென்று சொல்லும் சட்டம் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே ஒரு 'சாம்பல் வட்டம்'. 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னருங்கூட 29.2 விழுக்காடு வரை வாங்கினால் சிறை இல்லை என்ற நிலை! 2006-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2010 சூனில் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகே அந்தச் சந்து அடைபட்டது. வரம்பு 20 விழுக்காடாயிற்று. ஆண்டு வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் தரலாகாது என்ற விதியும் வந்தது. ஃபுகுமோட்டோ எழுதத் தொடங்கியது இவற்றுக்கெல்லாம் பத்தாண்டு முன்னர். சட்டமன்றத்துக்குப் புரிவதற்கு முன்பே ஒரு படக்கதைக்குப் புரிந்திருந்தது!

கடனைத் தீர்க்க வழியுண்டு என்று கடன்காரன் கைஜியை ஒரு கப்பலுக்கு அனுப்புகிறான். கப்பலின் பெயர் 'எஸ்ப்வார்'. பிரெஞ்சு மொழியிலே 'நம்பிக்கை' என்று பொருள். கடனாளிகளை ஏற்றிச் சென்று, தோற்றவரை அடிமைப்படுத்தும் கப்பலுக்கு நம்பிக்கை என்று பெயர்! ஏய்ப்போர் தம் கருவிகளுக்கு இனிய பெயரையே எப்போதும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அங்கே ஆட்டம் என்ன? கல், கத்தரி, காகிதம். குழந்தைகள் கைகளால் ஆடுவதைச் சீட்டுகளாக்கிவிட்டார்கள். ஒவ்வொருவனுக்கும் 12 சீட்டு, வகைக்கு நான்கு. மூன்று விண்மீன் சின்னங்கள். தோற்றால் ஒன்றை வென்றவனுக்குத் தரவேண்டும். நேரம் நான்கு மணி. சீட்டுகளையெல்லாம் தீர்த்து, மூன்று விண்மீன்களுக்குக் குறையாமல் கையில் வைத்திருப்பவனே தப்புவான். ஆடுவதற்கு முன் ஒவ்வொருவனும் கப்பல்காரனிடமே 10 இலட்சம் முதல் ஒரு கோடி யென் வரை கடன் வாங்கியாக வேண்டும். வட்டி? பத்து நிமிடத்துக்கு ஒன்றரை விழுக்காடு, கூட்டு வட்டி! நான்கு மணி நேரத்தில் 10 இலட்சம் ஏறத்தாழ 14 இலட்சத்து 30 ஆயிரமாகும். ஆட்டத்திலே எவன் வென்றாலும் தோற்றாலும் கப்பல்காரனுக்கு இலாபம். இதைத் தொடக்கத்திலேயே நம் முன் வைத்துவிடுகிறார் கதாசிரியர். மேசையைச் சுற்றி இருப்போர் ஒருவரையொருவர் கடித்துக் குதற, மேசைக்குச் சொந்தக்காரன் மாடியிலே நின்று பார்க்கிறான்.

இங்கேதான் தொடரின் முதல் கவர்ச்சியைக் காண்கிறோம். நற்பேறு என்று பிறர் எண்ணியதைக் கைஜி கணக்காக மாற்றுகிறான். மண்டபத்துப் பலகையிலே, ஒவ்வொரு வகைச் சீட்டும் இன்னும் எத்தனை மிச்சம் என்ற எண்ணிக்கை ஒளிர்கிறது. எல்லோர் கண்ணிலும் படும் எண்; அதைப் படிப்பவர் சிலரே. எந்தச் சீட்டு அருகுகிறது, எது மலிகிறது, அருகியதை வாங்கிக் குவித்தால் எதிரியின் கையில் எது எஞ்சும் என்று எண்ணத் தொடங்கியவனுக்கு, விதி என்று சொல்லப்பட்டது வெறும் கூட்டல் கழித்தலாகிவிடுகிறது. வேண்டுதல் இல்லை, சகுனம் இல்லை, ஆருடம் இல்லை. வியர்வை வழியும் நெற்றிக்குள்ளே ஓர் அறிவு, "இப்படியானால் அப்படி" என்று படி படியாக இறங்குகிறது. அதனோடு நாமும் இறங்குகிறோம். மனிதன் சிந்திப்பதையே பகுதிக்குப் பகுதி காட்டிப் பதைப்பை உண்டாக்க முடியும் என்று மெய்ப்பித்த பெருமை இத்தொடருக்கு உண்டு.

இரண்டாவது கவர்ச்சி, எதிரிக்கும் வாய் கொடுத்திருப்பது. டோனெகாவா என்பவன், கடன் கொடுக்கும் பெருநிறுவனத்தின் உயர் அலுவலன். கப்பலிலே கேள்வி கேட்ட கடனாளிகளை நோக்கி அவன் ஆற்றும் உரை கேட்கத் தக்கது. கேட்டால் விடை கிடைக்கும் என்பது குழந்தைத்தனம், உலகம் எவனுக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டதில்லை, வென்றவனுக்கே மதிப்பு, தோற்றவனுக்கு ஏதுமில்லை என்ற கருத்தில் அவன் முழங்குகிறான். ஏச்சு வாங்கிய கூட்டமோ கண்ணீர் விடுகிறது, அவனைப் போற்றுகிறது! கட்டியவனே கட்டுண்டவனுக்கு அறிவுரை கூறுகிறான். கட்டுண்டவன் அதை ஞானம் என்று தலையிலே ஏற்றுக்கொள்கிறான். தோழர்களே, இதைவிடக் கூரிய காட்சி இத்தொடரிலே வேறில்லை. அந்த உரையை விரும்பித் திரும்பத் திரும்பக் கேட்கும் இளைஞர் உண்டு; "உழைக்காதவனுக்கு நல்ல சூடு" என்று மகிழ்வோரும் உண்டு. உரையிலே உண்மை சிறிதும் இல்லையா? உண்டு. சோம்பலுக்கு அதிலே சாட்டை இருக்கிறது. ஆனால், சாட்டையைக் கையிலே வைத்திருப்பவன் யார் என்று பார்க்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்றரை வட்டி வாங்குகிறவன் உழைப்பின் உயர்வைப் பற்றி உரையாற்றுகிறான்! உண்மையின் ஒரு துண்டைப் பொய்யின் காவலுக்கு நிறுத்துவது ஆதிக்கக்காரர் அறிந்த பழைய கலை.

கப்பலிலே கைஜி வென்றானா? கூட்டாளிகள் இருவரால் வஞ்சிக்கப்படுகிறான். அப்படியிருந்தும் மிஞ்சிய விண்மீனை விற்றுத் தன் கடனைத் தீர்த்துக்கொள்ளாமல், இஷிதா என்னும் மூத்தவரை மீட்கச் செலவிடுகிறான். விளைவு? உயிரோடு கரையேறுகிறான், கடனோடு! கணக்கறிந்தவன் கணக்குக்கு ஒவ்வாத ஒன்றைச் செய்கிறான். அந்த ஒரு செயலால்தான் அவன் டோனெகாவாவின் உலகத்தை மறுக்கிறான்.

அடுத்த கட்டம் இன்னும் கொடிது. மாளிகை விடுதி ஒன்றிலே, உயரத்தில் நிறுத்திய குறுகிய இரும்பு உத்தரங்களின் மீது கடனாளிகள் நடக்கவேண்டும். முதலில் கடப்பவனுக்கு இரண்டு கோடி யென். முந்துவதற்கு வழி முன்னால் செல்பவனைத் தள்ளுவது. கீழே விருந்துண்டபடி செல்வர்கள், எவன் வெல்வான், எவன் வீழ்வான் என்று பந்தயம் கட்டிக் களிக்கிறார்கள். பின்னர் இதே நடை, வானுயர்ந்த இரு கட்டிடங்களுக்கு இடையே, மின்சாரம் பாய்ச்சிய உத்தரத்திலே. இஷிதா பின்னால் வருகிறார். தமக்குரிய பரிசுச் சீட்டைக் கைஜியிடம் ஒப்படைத்து, கடனிலே சிக்கிய தம் மனைவியை மீட்கச் சொல்கிறார். கால் இடறி வீழும்போது அவர் அலறவில்லை. அலறினால் முன்னே செல்லும் இளைஞன் தடுமாறுவானே என்று வாயை மூடிக்கொண்டு இருளிலே மறைகிறார். வாழ்நாளெல்லாம் தோற்றவர் என்று இகழப்பட்ட மனிதர், சாகும் கணத்திலே அந்த மாளிகைவாசிகள் அனைவரினும் உயர்ந்து நிற்கிறார். ஒரு சொல் விளக்கமுமின்றி அது நம்மை உலுக்குகிறது.

இந்த இடத்திலே பார்வையாளன் தன்னையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். விருந்து மண்டபத்திலே அமர்ந்து வீழ்ச்சியைக் கண்டு களிக்கும் செல்வனுக்கும், வசதியாகச் சாய்ந்துகொண்டு திரையிலே அதே வீழ்ச்சியைக் காணும் நமக்கும் வேறுபாடு என்ன? "அடுத்தவன் எவன் விழுவான்?" என்ற ஆவல் நமக்கும் எழவில்லையா? எழுகிறது. அதுதான் இந்த வகைக் கதைகளில் உள்ள ஆபத்து. துன்பத்தைக் கண்டிக்கப் புகுந்து, துன்பத்தையே சுவைப் பண்டமாக்கி விடக்கூடும். கைஜி தொடர் இந்த ஆபத்தை அறிந்தே, அந்தச் செல்வர்களின் முகங்களை இவ்வளவு அருவருப்பாகத் தீட்டியிருக்கிறது. ஆயினும் முழுமையாகத் தப்பிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். விரலை அறுக்கும் காட்சியை நீட்டி நீட்டிக் காட்டும்போது, கண்டனம் மங்கிக் காட்சி வெறியே மேலோங்குகிறது.

பேரரசன், குடிமகன், அடிமை என்ற சீட்டு ஆட்டம் புகழ் பெற்றது. பேரரசன் குடிமகனை வெல்வான். குடிமகன் அடிமையை வெல்வான். இழப்பதற்கு ஏதுமற்ற அடிமையோ பேரரசனை வீழ்த்துவான். ஒருவன் கையிலே நான்கு குடிமக்களும் ஒரு பேரரசனும். மற்றவன் கையிலே நான்கு குடிமக்களும் ஓர் அடிமையும். கண்ணை மூடிக்கொண்டு ஆடினால் அடிமைப் பக்கத்தான் ஐந்தில் ஒரு முறையே வெல்லக்கூடும். நாட்டு நடப்பை ஐந்து சீட்டிலே அடக்கிவிட்டார் ஆசிரியர்! இதிலும் டோனெகாவா நேர்மையாக ஆடவில்லை. கைஜியின் உடலின் துடிப்பைக் கருவியால் மறைவாக அறிந்துகொண்டு ஆடுகிறான். அதைக் கண்டுபிடித்த கைஜி, தன் காதையே அறுத்து அந்தச் சூழ்ச்சியை முறிக்கிறான். எதிரியின் மிதமிஞ்சிய ஐயத்தையே எதிரிக்குக் கண்ணியாக்கி வெல்கிறான். ஆனால் வெற்றியோடு நின்றானா? நிறுவனத்தின் தலைவன் ஹ்யோடோவுடன் மோதுகிறான். தானே வகுத்த சூழ்ச்சியை நம்பித் தோற்கிறான். நான்கு விரல்களை இழக்கிறான். வென்ற பணம் போகிறது. சூதாடியைப் புகழும் கதையென்றால் இங்கே இப்படி எழுதியிருக்கமாட்டார்.

எனினும், என் கணிப்பில் இத்தொடரின் தலைசிறந்த பகுதி எந்தச் சூது மேசையிலும் இல்லை. அது 2011-இல் வந்த இரண்டாம் தொடரின் தொடக்கத்திலே இருக்கிறது. கடனைத் தீர்க்க முடியாத கைஜி, மண்ணுக்கடியிலே சுரங்கம் தோண்டும் அடிமை முகாமிலே தள்ளப்படுகிறான். அங்கே 'பெரிகா' என்ற தனி நாணயம். பத்துப் பெரிகா ஒரு யென்னுக்குச் சமம். நாள் கூலி 3,500 பெரிகா, அதாவது 350 யென். ஒரு நாள் வெளியே சென்று கதிரவனைக் காண 5 இலட்சம் பெரிகா கட்டவேண்டும். சேமிப்பேன் என்று கைஜி உறுதி பூணுகிறான். கூலி நாளன்று, ஓட்சுகி என்ற மேஸ்திரி இனிக்க இனிக்கப் பேசி ஒரு பீர்க் குவளையை அன்பளிப்பாக நீட்டுகிறான். வியர்த்துக் களைத்த தொண்டைக்குக் குளிர்ந்த பீர்! அவ்வளவுதான். இன்று ஒன்று, நாளைக்கு ஒன்று, பிறகு சுட்ட கோழி, பிறகு முன்கூட்டியே கூலி, பிறகு பகடை, பிறகு கடன். நாலும் ஐந்தும் ஆறும் மட்டுமே பொறித்த பகடையை அந்த மேஸ்திரி கைக்குள் மறைத்து வைத்திருந்தான் என்பது பின்னர் அம்பலமாகிறது. ஆனால் கைஜியை முதலில் வீழ்த்தியது கள்ளப் பகடையன்று. அந்த முதற் குவளை. கூலியைக் கொடுக்கும் கையே அதைத் திரும்பப் பிடுங்கும் கடையையும் நடத்தினால், உழைப்பவன் உறுதி எத்தனை நாள் நிற்கும்? சிற்றூரிலும் பேரூரிலும், ஆலைவாயிலிலும் தோட்டத்திலும், உழைக்கும் மக்களைக் கடனிலே பிணித்து வைத்த முறை உலகெங்கும் இதுவே.

அதிலிருந்து அவன் மீண்டதும் தனித்தன்று. தன்னைப் போல் ஏமாந்தவர்களைக் கூட்டி, கூலியைச் சேர்த்து வைத்து, ஓட்சுகியின் ஓட்டையை எல்லோர் முன்னிலையிலும் வெளிப்படுத்துகிறான். பின்னர் வெளியே சென்று, 'சதுப்பு' என்று பெயர் பெற்ற பச்சிங்கோ இயந்திரத்தோடு போராடி வென்று தோழர்களை மீட்கிறான். அங்கும் கடன் கொடுத்த எண்டோ, பத்திரத்திலே புதைத்து வைத்த வட்டியைக் காட்டிப் பெரும்பங்கைச் சுருட்டிக்கொள்கிறான். சூதிலே வென்றவனும் வட்டியிலே தோற்கிறான்!

பச்சிங்கோவைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானின் தண்டனைச் சட்டம் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. ஆனால் குதிரைப் பந்தயமும் படகுப் பந்தயமும் பொது நிறுவனங்களின் பெயராலேயே நடக்கின்றன. பச்சிங்கோ கூடத்திலே வென்ற குண்டுகளைப் பரிசுப் பொருளாக்கி, அதைப் பக்கத்துச் சிறு கடையிலே பணமாக்கிக்கொள்ளலாம். கூடம் பணம் தரவில்லை, ஆகவே சூதில்லை என்பது வாதம்! 2018-இல் இயற்றிய சட்டமோ சூதாட்ட மாளிகைகளுக்கே வழி திறந்துவிட்டது. ஏழை மூலையிலே ஆடினால் குற்றம். முதலாளி மாளிகையிலே ஆட்டி வைத்தால் தொழில் வளர்ச்சி! கற்பனைக் கப்பலுக்கும் நடைமுறை உலகுக்கும் தொலைவு மிகுதியில்லை.

குறைகளை மறைப்பது திறனாய்வு ஆகாது. இரண்டாம் தொடரிலே பாதிக்கு மேற்பட்ட நேரத்தை அந்த ஒரே இயந்திரம் விழுங்கிவிடுகிறது. ஒரு குண்டு உருள்வதற்கு ஒரு முழுப் பகுதி செலவாகிறது. கதை சொல்லியின் குரல், நாம் கண்ணால் கண்டதையே மீண்டும் முழக்குகிறது. பெண் பாத்திரங்கள் ஏறக்குறைய இல்லை. கடன் சுமையிலே பாதியைச் சுமப்பவள் பெண். இஷிதாவின் மனைவியின் கதையைக் கணவரின் வாய் வழியாகச் சில சொற்களில் மட்டுமே கேட்கிறோம். அனைத்தினும் பெரிய குறை, தீர்வு எப்போதும் இன்னொரு ஆட்டமாகவே இருப்பது. ஒற்றுமையாகக் கூடியவர்கள்கூட மேசையைக் கவிழ்க்கக் கூடவில்லை. மேசையிலே வெல்லவே கூடுகிறார்கள். சட்டம் மாறியதால் ஜப்பானியக் கடனாளிகளுக்கு 2010-இல் கிடைத்த மூச்சு, எந்தக் கைஜியும் சீட்டாடிப் பெற்றுத் தந்ததன்று. வழக்கறிஞர்களும் கடனாளிகளும் நீதிமன்றப் படிகளில் ஏறி ஏறிப் போராடியதால் விளைந்தது. அந்தப் போராட்டத்திலே பதைப்பு இல்லை. இசை முழக்கம் இல்லை. ஆகவே அதைத் தொடராக எடுக்க எவரும் ஓடிவரவில்லை போலும்!

ஆகையால் இளைஞர்களே, கைஜியைப் பாருங்கள். சிந்தனை எவ்வளவு சுவையானது என்று அறியப் பாருங்கள். பிணைக் கையெழுத்து என்ற சிறு கோடு எவ்வளவு நீண்ட கயிறாகும் என்று உணரப் பாருங்கள். இஷிதா ஓசையின்றி மறையும் கணத்திலே உங்கள் நெஞ்சு கனத்தால், உங்களுக்குள்ளே மனிதன் விழித்திருக்கிறான் என்று மகிழுங்கள். ஆனால், "நானும் ஒரு கை பார்ப்பேன், எனக்கும் அந்த மூளை உண்டு" என்று கைப்பேசிச் சூதைத் திறக்கத் தோன்றினால், ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். கைஜியின் ஆட்டத்தை எழுதியவர் அவனை நேசித்த ஓர் ஆசிரியர். உங்கள் ஆட்டத்தை எழுதியிருப்பவன் அந்த மேசையின் சொந்தக்காரன்.